எல்லாம் படித்தாகிவிட்டது, மச்சான்

அன்புள்ள மச்சானுக்கு அத்தான் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இங்கே நான் சுகமாக இல்லை, அதற்குக் காரணம் நீங்கள். ஃபோனில் திட்டலாம் என்றால் உங்கள் அக்கா பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பாம்புக் காது. அதனால்தான் இந்த மின்னஞ்சல்.

உங்கள் மருமகள், அதாவது என் மகள், அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் லேப் வேலைக்கு விண்ணப்பித்ததும், நேர்முகத் தேர்வுத் தேதியை அவர்கள் இணையதளத்தில் மட்டுமே போடுவார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். நான் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பொழுதன்னைக்கும் தட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்தீர்கள். “அத்தான், நீங்க செய்தியைத் தேடிப் போகவேண்டாம், அது உங்களைத் தேடி வரும்” என்று சொல்லி என் கணினியில், பல தளங்களின் புதுச் செய்திகளை ஒரே இடத்தில் கொண்டுவந்து கொட்டும் ஃபீட் ரீடரைப் போட்டு, ஆஸ்பத்திரியின் செய்தியோடையை அதில் சேர்த்துவிட்டு, காப்பியைக்கூட முழுசாகக் குடிக்காமல் கிளம்பிவிட்டீர்கள். அன்றைக்கும் மறுநாளும் அது வாயே திறக்கவில்லை. உயிரோடுதான் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். குடிநீர் அலுவலகத்தில் காலம் தள்ளியவன் நான். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று திறந்துதானே பார்க்க வேண்டும்? செய்தியோடை உண்டு என்று காட்டும் ஆரஞ்சு நிறச் சின்னம் கண்ட இடத்திலெல்லாம் அமுக்கினேன். ஐந்து செய்தித்தாள், நில அதிர்வு ஆய்வு மையம், புறா வளர்ப்போர் சங்கம், தன் பூனையைப் பற்றி மட்டுமே எழுதும் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். திறந்துவிட்டது மச்சான், மடை திறந்துவிட்டது.

ஐந்து பேப்பரும் ஒரே கப்பலை ஐந்து தடவை மூழ்கடித்தன. நான் ஐந்து கப்பல் என்று நினைத்து இரண்டு வேளை சாப்பிடவில்லை. நில நடுக்கம் என்று பார்த்ததும் மாடியில் இருக்கும் பல் டாக்டரிடம் ஓடி, எல்லோரையும் கீழே இறக்கினேன். வாயில் பஞ்சோடு ஒரு மனுஷர் தெருவில் நின்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அதிர்ந்தது ஏதோ நடுக்கடலாம். டாக்டர் இப்போது எனக்கு வணக்கம் வைப்பதில்லை. இதையெல்லாம்விட, படிக்காதவை எத்தனை என்று ஓரத்தில் ஒரு எண் காட்டுகிறதே, அதுதான் என்னைக் கொல்கிறது. பத்தைப் படித்தால் இருபது ஏறுகிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் உட்காருகிறேன். உங்கள் அக்கா, “அது என்ன ஜுரமா, ஏறுதா இறங்குதான்னு பாத்துட்டே இருக்கீங்க?” என்கிறாள்.

நான் அந்த அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தவன் என்பதை நீங்கள் யோசித்திருக்க வேண்டும். சாயங்காலம் ட்ரேயில் ஒரு தாள்கூட மிச்சமில்லாமல் பூட்டிவிட்டு வந்தவன் நான், கை சும்மா இருக்குமா? ‘எல்லாம் படித்ததாகக் குறி’ என்று ஒரு பொத்தான் கண்ணில் பட்டது. அமுக்கினேன். எண் பூஜ்யம்! பணி ஓய்வுக்குப் பிறகு அப்படி ஒரு நிம்மதியை நான் கண்டதில்லை. அன்றிலிருந்து தினமும் அலுவலகம் மூடும் நேரத்துக்கு ஒரு அமுக்கு.

இன்று காலை மகளின் சிநேகிதி ஃபோன் செய்து, “அங்கிள், இன்டர்வியூ எல்லாம் முடிஞ்சிடுச்சாமே?” என்றாள். படித்தவற்றின் குவியலைக் கிளறினேன். கப்பலுக்கும் பூனைக்கும் நடுவில் இருந்தது மச்சான், ஆஸ்பத்திரி அறிவிப்பு. நேர்முகத் தேர்வு நேற்று. நான் படித்ததாகக் குறித்தது போன வாரம். குழந்தை படித்துப் படித்துக் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்ததெல்லாம் என் ஒரு விரலால் போயிற்று. அவள் ஒன்றும் தெரியாமல் கூடத்தில் தலை வாரிக்கொண்டு பாட்டு முணுமுணுக்கிறாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நீங்கள் தாய்மாமன். இன்றே ஆஸ்பத்திரியில் பேசி, காலில் விழுந்தாவது இன்னொரு தேதி வாங்குங்கள். பிறகு வந்து அவளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். கையோடு இந்தச் சனியனை என் கணினியிலிருந்து வேரோடு பிடுங்கி எறியுங்கள்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நீடூழி வாழட்டும். உங்களுக்கு ஆசி உண்டு, வேலை முடிந்த பிறகு.

இப்படிக்கு,
நிலைகொள்ளாத உங்கள் அத்தான்

பின்குறிப்பு: ஆஸ்பத்திரியில் யாரிடமும் பேச வேண்டாம். அனுப்பும் முன்பே மகள் பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டாள். நேற்று சிநேகிதி வீட்டுக்கு என்று சொல்லிப் போனது நேர்முகத் தேர்வுக்காம். “மாமா என் ஃபோன்லயும் இந்த ரீடரைப் போட்டுக் குடுத்தாருப்பா. நான் அதுல ஆஸ்பத்திரி ஓடை ஒண்ணை மட்டும்தான் வச்சிருக்கேன்” என்கிறாள். என்னிடம் ஏன் சொல்லவில்லையாம்? “சொன்னா நீங்களும் வந்து ரூம் வாசல்ல நடந்துட்டே இருப்பீங்க. எனக்குப் பதில் மறந்துபோகும்.” முடிவை அங்கேயே சொல்லிவிட்டார்களாம், வேலை கிடைத்துவிட்டது மச்சான்! அடுத்த மாதம் அவர்களுடைய வெளியூர்க் கிளையில் சேர வேண்டும். இது உங்களுக்கு நேற்றே தெரியுமாமே, அதைப் பிறகு தனியாக விசாரிக்கிறேன். ரீடரைப் பிடுங்க வேண்டாம். கப்பல், புறா எல்லாவற்றையும் நானே நீக்கிவிட்டேன். அவள் போகிற ஊரின் மழை, பஸ், கரன்ட் கட், என்னென்ன ஓடை உண்டோ அத்தனையும் சேர்த்துக் கொடுங்கள். “என்னையே கேளுங்களேன்ப்பா, நான் இங்கதானே இருக்கேன்” என்று சிரிக்கிறாள். அடுத்த மாதம் இங்கே இருக்கமாட்டாளே, மச்சான்.