உன் பெரியம்மா மகிழ்ச்சியாக இருப்பதாகக் கூறப்படுகிறது

அன்புள்ள வாயாடிக்கு,

பெரியப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும், என் தம்பியும், உன் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். 'சுகமாக இருப்பதாக அறிகிறேன்' என்று எழுதத்தான் கை போனது. இழுத்துப் பிடித்தேன். இப்படிக் கையை இழுத்துப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் நீ. அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நீ சிரித்தால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும்.

நான் காப்பீட்டு ஆபீசில், இழப்பீடு கொடுக்கும் பிரிவில் குப்பை கொட்டியவன் என்பது உனக்குத் தெரியும். அங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், எதையும் நாமாகச் சொல்லக் கூடாது. வீடு எரிந்தது என்று எழுதினால் பணம் கொடுக்க வேண்டிவரும். ஆகவே, வீடு எரிந்ததாக உரிமையாளர் 'அலெஜ்' செய்கிறார், அதாவது ஆதாரமில்லாமல் சொல்கிறார், என்று எழுத வேண்டும், பக்கத்திலேயே புகைப்படத்தில் வீடு கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தாலும். விதவை வந்து அழுதால், கணவர் இறந்துவிட்டதாக 'கிளெய்ம்' செய்கிறார். இப்படியே எழுதி எழுதி, எனக்கு இங்கிலீஷ் என்றாலே அது ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. தொட்டில் பழக்கமாவது பரவாயில்லை, ஆபீஸ் பழக்கம் அதையும் தாண்டிப் போகும் போலிருக்கிறது.

இதெல்லாம் என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. உன் அண்ணன் கட்டிக்கொண்டு வந்தவளின் அப்பா அம்மா வேறு தேசம், வேறு பாஷை. நம் பாஷை அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் பாஷை நமக்குத் தெரியாது. நடுவில் இங்கிலீஷ், அந்த இங்கிலீஷுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தையற்கடை வைத்திருந்த சம்பந்தி. மருமகளுக்குப் பிரசவம் நெருங்கியது. அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவள் ஏங்கினாள். அவள் போனில் கூப்பிட்டபோதெல்லாம் சம்பந்தியம்மா பிடிகொடுக்கவில்லை. பெரியவர்கள் நாம் கூப்பிடுவதுதான் மரியாதை, உடனே எழுதுங்கள் என்று உன் பெரியம்மா என் தலையில் கட்டினாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். குழந்தை வரப்போவதில் தான் மகிழ்ச்சியாக இருப்பதாக என் மனைவி கிளெய்ம் செய்கிறாள். உங்கள் மகளைத் தன் மகள்போலப் பார்த்துக்கொள்வதாக அலெஜ் செய்கிறாள். உங்களுக்காக முன்னறை சுத்தம் செய்யப்பட்டுள்ளதாகக் கூறப்படுகிறது. கடைசி வரி எனக்கே மிகவும் பிடித்திருந்தது.

பதில் வந்தது. 'கடிதம் கிடைத்தது. பயணம் பற்றி யோசிக்கிறோம்.' அவ்வளவுதான். மருமகள் முகம் விழுந்துவிட்டது. உன் அண்ணன் நான் அனுப்பியதை எடுத்துப் படித்தான், பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன் காப்பி ஆறும்வரை எழுந்திருக்கவில்லை. அப்புறம்தான் உனக்குப் போன் போட்டான். பத்திரிகை ஆபீசில் இங்கிலீஷ் செய்தி திருத்துகிறவள் அவள்தான், அப்பாவுக்கு அவளே புரியவைக்கட்டும் என்று.

நீ சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "பெரியப்பா, ஒருத்தர் 'சொன்னார்'னு எழுதினா நாம அவர் பக்கத்துல நிக்கறோம். 'கிளெய்ம்'னா ரெண்டடி தள்ளி நிக்கறோம். 'அலெஜ்'னா தெருவுக்கு அந்தப் பக்கமே போயிட்டோம். 'அட்மிட்'னா, அதான் 'ஒப்புக்கிட்டார்'னா, அவரைப் பிடிச்சுக் கூண்டுல ஏத்திட்டோம். நீங்க பெரியம்மாவை எங்க நிக்க வெச்சிருக்கீங்கன்னு பாருங்க." பார்த்தேன். அவளைத் தனியாக நடுத்தெருவில் நிறுத்திவிட்டு நான் எதிர்ச் சாரியில் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

'சொன்னார்' என்பதற்குப் பதில் போடலாம் என்று நீ பிறகு பட்டியல் போட்டு அனுப்பிய சொற்களையெல்லாம் மனப்பாடம் செய்தேன். செய்தவன் சும்மா இருந்தேனா? புதுச் சட்டை போட்டவன் தெருவெல்லாம் சுற்றுவதுபோல வரிக்கு ஒன்றாகப் போட்டு அடுத்த கடிதத்தை எழுதினேன். மெத்தை மெதுவாக இருக்கும் என்று என் மனைவி வாதிடுகிறாள். விமான நிலையத்துக்குக் குடும்பத்தோடு வருவோம் என்று எச்சரிக்கிறாள். நல்லவேளை, உன் அண்ணன் குறுக்கே விழுந்து தடுத்தான்.

இதற்குள் உன் பெரியம்மா பொறுமை இழந்துவிட்டாள். "இங்கிலீஷை ஏன் குறை சொல்றீங்க? அவங்க எழுதினதை எனக்குத் தமிழ்ல படிச்சுக் காட்டறப்பவும் 'யோசிக்கறாங்களாம், பார்க்கலாமாம்'னுதானே படிச்சீங்க. அதைக் கேட்டா யாருக்குத்தான் நம்பிக்கை வரும்? அவங்களை விடுங்க. போன வாரம் டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க? 'இவளுக்கு முழங்கால் வலிக்குதாம்.' கூடவே இருக்கற மனுஷன் நீங்க. வலிக்குதுன்னு சொல்லக்கூடாதா?"

யோசித்துப் பார்த்தேன், வாயாடி. இத்தனை வருஷமும் வீட்டிலும் நான் பணம் கொடுக்காமல் தப்பிக்கிற ஆபீசராகவே இருந்திருக்கிறேன்.

அன்று மாலை முன்னறைப் பக்கம் போனேன். மருமகள் அம்மாவுக்கென்று எடுத்துவைத்த போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்த தமிழில், "அம்மா வருவாங்களா, மாமா?" என்று கேட்டாள். 'வருவார்கள் என்று எதிர்பார்க்கப்படுகிறது' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். "வருவாங்கம்மா" என்றேன். எந்த ஆதாரமும் இல்லாமல் நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

உள்ளே போய் உட்கார்ந்து எழுதினேன். யார் சொன்னார், யார் கூறினார் ஒன்றும் கிடையாது. 'உங்கள் மகளுக்குப் பயமாக இருக்கிறது. நான் கண்ணால் பார்த்தேன். எனக்கும் பயமாக இருக்கிறது. என் மனைவிக்கு முழங்கால் வலிக்கிறது, ஆனாலும் உங்கள் அறையைத் தினமும் அவளே பெருக்குகிறாள். தயவுசெய்து வாருங்கள்.' அனுப்பிவிட்டேன்.

வந்துவிட்டார்கள்! இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். உன் பெரியம்மாவும் சம்பந்தியம்மாவும் சமையலறையில் ஆளுக்கொரு பாஷையில் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், நடுவில் என்னை யாரும் கூப்பிடுவதே இல்லை. போன வாரம் பேத்தி பிறந்தாள். பிறந்ததாகச் சொல்கிறார்கள் என்று எழுத மாட்டேன். கையில் வாங்கினேன், என் விரலைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. பிரசவ அறைக்குள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டே மருமகள் பெற்றெடுத்தாள். அதற்கு உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். நீ மட்டும் அன்று போனில் அத்தனை நேரம் பொறுமையாகச் சொல்லியிருக்காவிட்டால் இந்தக் குடும்பமே எதிரெதிர்ச் சாரியில் நின்றிருக்கும்.

நீ நீண்ட ஆயுளோடும், குறையாத வாயோடும் நன்றாக இருக்க வேண்டும். தம்பிக்கும் உன் அம்மாவுக்கும் எங்கள் அன்பைச் சொல். வெறுமனே சொல், வேறு எதுவும் செய்யாதே.

ஆசிகளுடன்,
பெரியப்பா

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது மருமகள் வந்து ஒன்று சொன்னாள். சம்பந்தியம்மாவுக்கு என்மேல் ஒருநாளும் வருத்தமே இருந்ததில்லையாம். (இந்த 'ஆம்' தவிர்க்க முடியாதது, மன்னித்துக்கொள்.) விமானம் என்றால் பயமாம், அதை மகளிடம் சொல்ல வெட்கமாம். என் கடைசிக் கடிதம் போய்ச் சேர்வதற்கு முன்பே மனதைத் தேற்றிக்கொண்டு டிக்கெட் வாங்கிவிட்டாராம். அதற்கும் மேல், "இவ்வளவு அன்பா எழுதற மனுஷரை நான் பார்த்ததே இல்லை, முதல் கடிதத்துக்கே அழுதுட்டேன்" என்று என்னைப் பற்றிப் புகழ்ந்தாராம். முதல் கடிதத்துக்கு! விசாரித்தால், அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. படித்துக் காட்டியவர் சம்பந்தி. ஊரார் துணியை எல்லாம் இறுக்கமான இடத்தில் பிரித்துவிட்டுத் தைத்த மனுஷர், என் கடிதத்தையும் அப்படியே தைத்துக் கொடுத்திருக்கிறார். ஆகவே உன் சொற்களாலும் ஒன்றும் ஆகவில்லை, என்னாலும் ஒன்றும் ஆகவில்லை. உனக்குச் சொன்ன நன்றியைத் திரும்பக் கேட்க மாட்டேன், வைத்துக்கொள். அவருக்குத் தனியாக நன்றி சொல்லப் போனேன். அப்படியெல்லாம் எதையும் மாற்றவே இல்லை, இருந்ததைத்தான் படித்தேன் என்று குழந்தையைப் பார்த்துக்கொண்டே மறுத்தார். நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன், வாயாடி: 'சொன்னார்' அல்ல, மறுத்தார்.