அவுஸ்திரேலியாவில் முதலிடம் பிடித்த ஏச்சு

வென்ட்வர்த்வில், சிட்னி.
ஞாயிற்றுக்கிழமை காலை.

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய இரஞ்சிதம் அக்காவுக்கு, தம்பி தேவராஜா எழுதிக்கொள்வது.

நீங்களும் அத்தானும் பொயிண்ட் குக் குளிரில் முழங்கால் நோவு இல்லாமல் இருக்க மேய்ஸ் ஹில் முருகனை வேண்டுகிறேன். இங்கே யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் கை அப்படி எழுத மாட்டேன் என்கிறது. வீட்டுக்காரி சந்திரகலா நலம், கறிவேப்பிலை மரம் நலம், நான் நலமில்லை. இதைப் போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கீரை ஆய்வீர்கள், உங்கள் மருமகள் கேட்பாள், அவள் கேட்டால் மெல்பேர்ன் முழுக்கக் கேட்ட மாதிரித்தான். ஆகையால் கதிரையில் அமர்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, இதை வாசியுங்கள். அருகில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் ஹரிஸ் பார்க்கில் ஜிலேபி வாங்க வரிசையில் நின்றேன். கடைக்காரர் ரேடியோ போட்டிருந்தார். கிட்டார் அலறுகிறது, டிரம்ஸ் இடிக்கிறது, அதற்கு நடுவே திடீரென்று ஒரு தமிழ்க் கிழவன் தொண்டை கிழியக் கத்துகிறான்: "சொல்லாமல் என்னெண்டு வெளிக்கிடுவாய்? திரும்பி வந்து சொல்லிப்போட்டுப் போ!" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதைவிட அதிர்ச்சி, எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரப் பெடியள், சீனப் பெட்டைகள், தலைப்பாகை கட்டிய ஒரு பஞ்சாபித் தம்பி, எல்லாரும் ஒரே குரலில் "போட்டு வாறன்!" என்று பாட்டாகப் பதில் சொன்னதுதான். யாரோ ஒரு பாவப்பட்ட தகப்பன் நல்ல வெறியில் கத்தியிருக்கிறான், அதைக் களவாகப் பதிந்து பாட்டாக்கிவிட்டார்கள் என்று எனக்கு நெஞ்சு கொதித்தது. ஜிலேபியும் வாங்காமல் நேரே முதியோர் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். "குடிவெறியில் பிதற்றும் தமிழ் முதியவர் ஒருவரை உலகத்துக்கு முன் கேலிப்பொருளாக்கிய இசைக்குழுவுக்குக் கண்டனம்" என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். காரியதரிசி இராஜேஸ்வரி அன்ரி வழிமொழிந்தா. எல்லாரும் கை தூக்கினார்கள். நான் பேசிய பேச்சைக் கேட்டு இரண்டொருவர் கண்ணைத் துடைத்தார்கள். அந்தக் கிழவனுக்காக நானும்தான் கலங்கினேன்.

இனித்தான் கதை. போன வெள்ளிக்கிழமை கோயிலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன், இராஜேஸ்வரி அன்ரியின் மகன் பிரஷாந்தன் ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்குகிறான். "கொங்கிராட்ஸ் அங்கிள்! சயந்தினி அக்கான்ர ஆல்பம் நம்பர் வன்!" என் மகளுக்கு ஏது ஆல்பம் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்த ஆல்பம் தம்பி? கலியாண ஆல்பமோ? அவளுக்கு இன்னும் ஒண்டும் பொருந்தேல்லையே" என்றேன். "இல்லை அங்கிள், அவையின்ர பாண்ட்! 'வெட் சிமென்ட்'! ஓல் அவுஸ்திரேலியா சார்ட்டில முதலாவது. ரேடியோவில சனம் வோட் போட்ட பாட்டு வரிசையில ரெண்டாவது. அவோர்டுக்கும் நொமினேட் பண்ணியிருக்கினம்!" அக்கா, நான் செருப்புத் தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த அதிர்ச்சியிலும் என் வாயில் முதலில் வந்த கேள்வி, "வரிசையில முதலாவது ஆர்?" என்பதுதான். பிள்ளை வளர்த்த பழக்கம் எங்கே போகும்.

நீங்கள் கேட்பீர்கள், பார்மசியில் வேலை செய்கிற பிள்ளை பாண்டில் வாசிப்பது தகப்பனுக்குத் தெரியாதா என்று. அவள் பொய் சொல்லவில்லை அக்கா, அதுதான் கொடுமை. சனி ஞாயிறு மாலைகளில் "அப்பா, வாசிக்கப் போட்டு வாறன்" என்றுதான் வெளிக்கிடுவாள். ஏழு வயதில் மிருதங்கம் தொடங்கி, பெரிய மண்டபத்தில் அரங்கேற்றமும் செய்த பிள்ளை வாசிக்கப் போகிறேன் என்றால் நான் என்னத்தை நினைப்பேன்? சிட்னியில் ஒரு வார இறுதியில் நடக்கிற பரதநாட்டிய அரங்கேற்றங்களுக்குக் குறைவா? எங்கேயோ ஒரு பிள்ளையின் அரங்கேற்றத்துக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறாளாக்கும் என்று இருந்துவிட்டேன். முழங்காலில் கிழிந்த ஜீன்ஸோடு போனாள். சேலையை அங்கே போய் மாற்றுவாள் என்று நினைத்தேன். மிருதங்கத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அங்கே இரவல் கிடைக்கும் என்று நினைத்தேன். இத்தனை வருடம் ரயில்வேயில் சிக்னல் பார்த்த மனிதன் நான்.

கோயிலில் இருந்து சாமி கும்பிடாமல் வீட்டுக்கு வந்தேன். தாயும் மகளும் குசினியில் நின்றார்கள். நான் கத்திய கத்தில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. "பாண்டாம், சிமென்டாம்! அதுவும் அந்த வெறிக்கிழவனை வைச்சுப் பாட்டுச் செய்த கூட்டம் நீயோ?" என்றேன். சந்திரகலா அடுப்பை அணைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. "உங்கட குரல் உங்களுக்கே தெரியேல்லையே? கலியாணம் கட்டின நாள் தொட்டு நான் கேட்டுக்கொண்டிருக்கிறன். எனக்கு முதல் தரத்திலேயே விளங்கிட்டுது" என்றா.

அக்கா, அந்தக் கிழவன் நான்தான். அவள் காலையில் சொல்லாமல் வெளிக்கிட்ட நாட்களில் நான் விட்ட வொயிஸ் மெசேஜ்தான் அவுஸ்திரேலியாவில் முதலிடத்தில் இருக்கிறது. நான் ஒரு சொட்டும் குடிப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும், அப்படியென்றால் சும்மா நேரத்திலேயே என் குரல் இப்படியா என்பது தனி அதிர்ச்சி. போதாதற்குச் சந்திரகலாவுக்கு எல்லாம் ஆரம்பத்திலிருந்தே தெரியுமாம். நான் முதியோர் சங்கத்துக்குப் போகிற சனிக்கிழமைகளில் எங்கள் கராஜில்தான் ஒத்திகையாம். சந்திரகலாவே அவர்களுக்கு ரோல்ஸ் பொரித்துக் கொடுத்தவவாம். சனிக்கிழமைகளில் மட்டும் ஏன் தட்டில் எனக்கென்று உடைந்த ரோல்ஸ் மிஞ்சியிருந்தது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

சயந்தினி ஏதோ சொல்ல வந்தாள். "அப்பா, நான் பஸ் ஏற முதலே உங்கட மெசேஜ் வந்திடும். நான் ஒண்டையும் அழிக்கேல்லை. தனிய இருக்கேக்க போட்டுக் கேக்கிறனான்" என்றாள். எனக்கு அது காதில் ஏறவில்லை. "ஊர் சிரிக்க என்ர மானத்தை வித்துப்போட்டாய்" என்றேன். "அப்பா, ஊர் சிரிக்கேல்லை. ஊர் பாடுது" என்றாள். வாய்க்கு வாய் காட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது? நானும் "அப்ப போ!" என்றுவிட்டேன். ஒரு தகப்பன் ஆயிரம் சொல்லுவான், அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதா? அவள் பையைத் தூக்கினாள், வாசலில் நின்று என்னைப் பார்த்து "போறன்" என்றாள். படியிறங்கிப் போய்விட்டாள்.

"போறன்" என்றாள் அக்கா! எங்கள் வீட்டில் யாராவது அந்தச் சொல்லோடு வாசலைத் தாண்டியதுண்டா? சுடலைக்குப் போகிறவர்கூடச் சொல்ல மாட்டார். போகிறவர் திரும்பி வரவேண்டும் என்றுதானே "போட்டு வாறன்" என்கிறோம். சின்னண்ணா அன்றைக்கு அவசரத்தில் வாசல் படலையில் நின்று என்ன சொல்லிவிட்டுப் போனார், அதற்குப் பிறகு அம்மா எத்தனை காலம் அந்தப் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தா என்பதெல்லாம் நான் உங்களுக்கு எழுதத் தேவையில்லை. அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. திரும்பி வந்து சொல்லிவிட்டுப் போ என்று மெசேஜ் விடலாம்தான். விட்டால் அடுத்த பாட்டுக்கு எடுத்துவிடுவாளோ என்று பயமாகவும் இருக்கிறது.

புதன்கிழமை மாலை அந்த விருது விழாவைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். நான் பார்க்கவில்லை, வேறு சனல் தேடும்போது அது தானாக வந்தது. "சிறந்த மாற்று ரொக் இசைக்குழு" என்ற விருதும், "ஆண்டின் சிறந்த பாடல்" என்ற விருதும் அவர்களுக்கு. எதற்கு மாற்று என்று சந்திரகலாவைக் கேட்டேன், அவ அழுதுகொண்டிருந்தா. மேடையில் தாடி வைத்த பையன் ஒருவன் நன்றி சொன்னான், பிறகு ஒலிவாங்கியை என் மகளிடம் கொடுத்தான். மண்டபமே எழும்பி நின்று "போட்டு வாறன்! போட்டு வாறன்!" என்று கத்துகிறது. நாக்கு வளையாத சனமெல்லாம் அட்சரம் பிசகாமல் சொல்கிறது. அவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. விருதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள். ஏன் என்று அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

இதற்கிடையில் முதியோர் சங்கத்தில் எனக்கும் சயந்தினிக்கும் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். ஆனால் அதற்கு முதல் என் கண்டனத் தீர்மானத்தை நானே எழும்பி வாபஸ் வாங்க வேண்டும் என்கிறா இராஜேஸ்வரி அன்ரி. "தேவராஜா அண்ணை, குடிவெறி எண்ட சொல்லையும் எடுக்கிறதோ, விடுறதோ?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டா.

ஆகையால் அக்கா, நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை மெல்பேர்னில் அவர்களுடைய கச்சேரி. அவள் கட்டாயம் உங்கள் வீட்டுக்கு வருவாள். கதவைத் திறக்க வேண்டாம். திறந்தாலும் உள்ளே கூப்பிட வேண்டாம். கூப்பிட்டாலும் நண்டுக்கறி வைக்க வேண்டாம், அவளுக்கு அது உயிர். கச்சேரிக்கு நீங்களோ அத்தானோ மருமகளோ போகக் கூடாது. என்னைப் பற்றிக் கேட்டால், அப்பா கடுங்கோபத்தில் இருக்கிறார் என்று சொல்லவும். கேட்காவிட்டால் கேட்கச் செய்து சொல்லவும். மெலிந்திருக்கிறாளா என்று மட்டும் பார்த்து எழுதவும். விருது, முதலிடம் என்ற பேச்சே எடுக்க வேண்டாம். எனக்கு இனி மகளும் இல்லை, பாட்டும் இல்லை. இது முடிந்த முடிவு.

உங்கள் இருவருக்கும் ஆறுமுகன் நல்ல உடம்பையும், என் நிலைமையைப் புரிந்துகொள்கிற மனதையும் தரவேண்டும் என்று வேண்டி, பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல்லி நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
மானம் போன உங்கள் தம்பி,
தேவராஜா.

பி.கு: இதை உறையில் போட்டு ஒட்டுகிற நேரம் போனில் ஒரு வொயிஸ் மெசேஜ் வந்தது. சயந்தினி. "அப்பா, அண்டைக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. மேடையில அந்தச் சொல்லைச் சொல்ல வாய் வரேல்லை, உங்களுக்குச் சொல்லாமல் மற்ற ஆக்களுக்கு என்னெண்டு சொல்லுறது? வாற வெள்ளிக்கிழமை உங்கட வொயிஸை டேப்பில போட மாட்டம். நீங்கள் வந்து மைக்கில ஏசுவீங்களோ? ஏசினால் நான் அதிலேயே நிண்டு பதில் சொல்லுவன். சரி அப்பா, போட்டு வாறன்." சொல்லிவிட்டாள் அக்கா. கடைசியில் சொல்லிவிட்டாள். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். தனியே இருந்து கேட்டால் இது என்னமோ செய்கிறதுதான்.

ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் தலைகீழாக வாசிக்கவும். கதவைத் திறக்கவும், நண்டு வாங்கவும், மருமகளுக்கும் ஒரு டிக்கெட் எடுக்கவும். அத்தானின் கறுப்புக் கோட்டை எனக்கு இஸ்திரி போட்டு வைக்கவும். விருது வைக்க இங்கே அலுமாரியில் மேல் தட்டைக் காலியாக்கியிருக்கிறேன், தூசி தட்டத்தான். மெசேஜைக் கேட்டதில் இருந்து குளியலறையில் கத்திப் பழகுகிறேன், சந்திரகலா இன்னும் கோபம் போதாது என்கிறா. இந்தக் கடிதம் தபாலில் வந்தால் என்னைவிடப் பிந்தித்தான் வரும், அதனால் கையிலேயே கொண்டுவருகிறேன். நான் வந்து சேர்ந்ததும் வாசித்து அதிர்ச்சி அடையவும்.

அவசரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போய்விட்டேன். சந்திரகலா உள்ளே இருந்து கத்தினா: "சொல்லாமல் என்னெண்டு வெளிக்கிடுவியள்? திரும்பி வந்து சொல்லிப்போட்டுப் போங்கோ!" அச்சொட்டாக என் குரல். திரும்பி வந்து அவவுக்குச் சொல்லிவிட்டு, இந்த வரியையும் எழுதிவிட்டுப் போகிறேன். கடைசிச் சொல்லை "போட்டு வாறன்" என்று திருத்தி வாசிக்கவும்.