கால்வாய் பங்களாவின் கறுத்த பித்தளை

ஆனையூர், மதுரை
திங்கட்கிழமை

கர்த்தருக்குள் அன்பான அண்ணன் தங்கதுரை அவர்களுக்கும் மதினிக்கும் தங்கை ரூத் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் உடம்பால் சுகம், மனதால் இல்லை. விருதுநகரில் நீங்கள் இரண்டாலும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. மதினி பக்கத்தில் நின்று உரக்கச் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிடும். அதனால் கடிதம்.

யார் யார் அங்கே இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு ஆளுக்கொரு கதை உங்களிடம் வரக்கூடாது. நம் பக்கத்தில் நான், என் வீட்டுக்காரர் உங்கள் மாப்பிள்ளை ஸ்டீபன், எங்கள் மகள் ஷெரின். அவர்கள் பக்கத்தில் ஷெரினுக்கு நீங்கள் பார்த்துச் சொன்ன பையன் ஜினோ, அவன் அப்பா சத்தியசீலன், அம்மா ஹெலன். வேலைக்கு மலையம்மாள். இவ்வளவு பேர்தான். இவர்கள் எல்லோரும் சாட்சி, கர்த்தர் தலைமைச் சாட்சி.

பெண் பார்க்க வீட்டுக்கு வந்து, கேசரி சாப்பிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் போவதெல்லாம் தனக்குப் பிடிக்காது, சோழவந்தானில் இருக்கும் தங்கள் ஹோட்டலில் இரண்டு நாள் வந்து தங்கினால் பிள்ளைகளும் பேசிப் பழகலாம் என்று ஹெலன் அம்மாள் சொன்னது உங்களுக்குத் தெரியும். அந்த ஹோட்டலுக்குக் கால்வாய் பங்களா என்று பெயர். வாய்க்கால் வேலைக்கு வந்த ஒரு வெள்ளைக்கார என்ஜினீயருக்காக நூற்றிருபது வருஷத்துக்கு முன்னே கட்டினதாம். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறும்போதே ஷெரின் தானாகவே இரண்டு முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். இதற்கு முன் வந்த ஒவ்வொரு வரனுக்கும் தலைவலி என்று படுத்துக்கொண்டவள் அண்ணே அவள். பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் எப்படியாவது நல்ல பேர் வாங்கிவிட வேண்டும் என்று நான் பறந்தேன், பறந்தது தப்பாகப் போயிற்று.

எங்களுக்கு மாடியில் அறை. கட்டில் என் நெஞ்சு உயரம் இருந்தது. ஏறுவதற்கு ஒரு முக்காலி. உங்கள் மாப்பிள்ளை ஏறுகிற வேகத்தில் அதை உதைத்துத் தள்ளிவிட்டு, இறங்க வழி தெரியாமல் மேலேயே சம்மணம் போட்டு, "ரூத்து, அந்தக் காப்பிய இங்கிட்டு மேல குடு" என்றார். குளியலறையில் நாலு சிங்கக்கால் வைத்த ஒரு வெள்ளைத் தொட்டி. ஆனையூரில் என்றைக்குத் தண்ணீர் வரும் என்று தெரியாமல் குடம் குடமாகப் பிடித்து வைத்துப் பழகின கை அண்ணே இது. சேமித்து வைக்கத்தான் தொட்டி என்று நினைத்து விளிம்புவரை நிரப்பி, பல்லி விழுந்துவிடக் கூடாதே என்று போர்வையால் மூடி, வெளியே நின்று மொண்டு மொண்டு ஊற்றிக் குளித்தோம். தரை பலகைத் தரை. தண்ணீர் பலகை இடுக்கில் இறங்கி, கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்த சத்தியசீலன் தலையில் சொட்டியிருக்கிறது. அவர் எழுந்து வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு, "பாப்பா வந்த நேரம், மழை வருது பாரு" என்றாராம். தங்கமான மனுஷர். அவரை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

சங்கதி அன்றைக்குச் சாயந்தரம்தான் ஆரம்பித்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் வாய்க்கால் கரையில் நடக்கப் போனார்கள். ஹெலன் அம்மாளும் அவர் வீட்டுக்காரரும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குக் கறி சொல்லிவர வெளியே போயிருந்தார்கள். நான் சும்மா இருக்க முடியாமல் கீழே கூடத்துக்கு வந்தேன். அங்கே சுவர் முழுக்கப் பலகை அடித்து, அண்டா, கூஜா, செம்பு, பானை, தூக்குவாளி என்று பித்தளைப் பாத்திரங்கள். அம்புட்டும் கறுப்பு. சில இடத்தில் பச்சை. அண்ணே, அன்றைக்குக் கிழமை சனி! நம் அம்மா நம்மை எப்படி வளர்த்தார்கள்? சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் வீட்டில் ஒரு கரண்டிகூடக் கறுத்திருக்கக் கூடாது, ஓய்வுநாளை அழுக்கோடு வரவேற்கக் கூடாது என்று அடித்துச் சொல்லித்தானே? பாவம், இந்த அம்மாளுக்கு மலையம்மாள் ஒருத்தியைத் தவிர ஆள் உதவி இல்லை, இவ்வளவு பெரிய பங்களாவைக் கட்டிக்கொண்டு ஒண்டியாக மாரடிக்கிறாள் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் வீட்டுப் பெண் எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறாள் என்று காட்டவும் இதைவிட நல்ல வாய்ப்பு வராது என்று தோன்றியது.

மலையம்மாளைக் கூப்பிட்டேன்.

"வேணாங்க்கா, தொடாதீக. அம்மா வையும்."

"வையட்டும் மலையம்மா. மொதல்ல பளபளப்பப் பாக்கட்டும், அப்பறம் வையட்டும்."

"எனக்குங் கையி அரிக்கத்தான்க்கா செய்யுது. வந்த நாள்லருந்து துணியால தொடைக்க மட்டுந்தான் விடுறாக. வெளக்குனா வேலைய விட்டுத் தூக்கிருவேன்னு சொல்லியிருக்காக."

"நான் வெளக்குறேன், நீ தண்ணி மட்டும் ஊத்து. வீட்ல எம்புட்டுப் புளி இருக்கு?"

அவ்வளவுதான், அவள் முகம் மலர்ந்துவிட்டது. "இருக்கறது அம்புட்டையும் கொண்டாரேன்க்கா!"

இதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு வேலைக்காரி விளக்கக் கூடாது என்று ஒரு வீட்டுக்காரி சொல்வாளா என்று யோசித்திருக்க வேண்டும். புளி செலவாகும் என்று சிக்கனம் பார்க்கிறாள் போல, நாமே வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றுதான் யோசித்தேன். என் கணக்கு நோட்டில் 'ஷெரின் கல்யாணம்' என்று தலைப்புப் போட்டு வைத்திருந்த பக்கத்தில் முதல் வரியாகப் புளி விழுந்தது இப்படித்தான். ஒவ்வொரு பாத்திரத்தின் கழுத்திலும் நூல் கட்டி ஒரு சீட்டு தொங்கியது. நனைந்துவிடுமே என்று எல்லாவற்றையும் கழற்றிப் பத்திரமாக ஒரே கவரில் போட்டு வைத்தேன். புளி, செங்கல் பொடி, தேங்காய் நார். உங்கள் மாப்பிள்ளைகூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டாவுக்குள் இறங்கினார். இருட்டுவதற்குள் முடித்து, பெரிசு சிறிசாக அடுக்கிவிட்டுப் பார்த்தால், கூடமே பொன்னாக மின்னியது. நான் அப்படியே முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். அவர்கள் திரும்பி வந்தபோது மின்சாரம் இல்லை, சாப்பிட்டுப் படுத்துவிட்டோம்.

ஞாயிறு காலையில் கோயிலுக்குக் கிளம்பி ஹெலன் அம்மாள் கூடத்துக்கு வந்தார். பின்னாலேயே நாங்கள் எல்லோரும். நான் சிரித்த முகத்தோடு நின்றேன். அவர் கையில் இருந்த ஜெபப் புத்தகம் கீழே விழுந்தது.

"யாரு... யாரு இதப் பண்ணது?"

"நாந்தான் சம்பந்தியம்மா. மலையம்மாள வையாதீக, அது கூடமாட ஒத்தாசதான்."

"இந்தக் கறுப்பு ஏற எவ்வளவு காலமாகும்னு தெரியுமா? நூத்திருவது வருசங்க! நூத்திருவது வருசம்!"

"அதத்தாங்க நானும் நெனச்சேன். நூத்திருவது வருசமா ஒருத்திகூடவா வெளக்கல?"

ஜினோ சிரித்துவிட்டான். அவன் அம்மா திரும்பிப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டான். உங்கள் மாப்பிள்ளை உத்தரத்தில் கட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஷெரின் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அம்மா, இன்னும் சம்பந்தி ஆகலம்மா, வாய மூடும்மா" என்று பல்லைக் கடித்தாள்.

அப்புறந்தான் சத்தியசீலன் எனக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அந்தக் கறுப்புக்குத்தான் மதிப்பாம். ஹெலன் அம்மாள் ஊர் ஊராக அலைந்து, விளக்காத பாத்திரமாகத் தேடித் தேடி வாங்கி வந்ததாம். வந்து தங்குகிறவர்கள் அதைத்தான் நின்று நின்று போட்டோ எடுப்பார்களாம். "சரி, சீட்டெல்லாம் எங்க? எது எந்த ஊர்ல வாங்குனதுன்னு அதுலதான் இருக்கு" என்று ஹெலன் அம்மாள் கேட்டார். "பத்திரமா ஒரே கவர்ல இருக்குங்க" என்று சொல்லி நீட்டினேன். கவரைத் திறந்து பார்த்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கோயிலில் அன்றைக்குப் போதகர் ஐயா எதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார் தெரியுமா? உள்ளத்தை விட்டுவிட்டுப் பாத்திரத்தின் வெளிப்புறத்தை மட்டும் சுத்தம் பண்ணுகிறவர்களைப் பற்றி. நான் தலை நிமிரவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் ஹெலன் அம்மாள் என்னிடம் பேசியது ஒரே ஒரு வார்த்தை: "மோர்?" நாங்கள் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது வாசல்வரை வந்தவர், உடனே திரும்பி உள்ளே போய்விட்டார். ஷெரின் வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து, "அம்மா, நீ நல்லது செய்யக் கெளம்புனாலே அது எந்தலையிலதான் வந்து விடியுது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். நேற்று ராத்திரி சாப்பிடவில்லை. இன்றைக்கும் அரை இட்லிதான்.

அண்ணே, நான் யோசித்து முடிவு பண்ணிவிட்டேன். அவர்கள் வேண்டாம் என்று சொல்லி நம் பிள்ளை தலை குனிவதற்கு முன்னே நாம் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். விளக்கினால் குற்றம் என்கிற வீட்டில் என் பிள்ளை எப்படிக் குடித்தனம் பண்ணுவாள்? நாளைக்குக் குழந்தை பிறந்தால் அதைக் குளிப்பாட்டலாமா கூடாதா என்று அவர்களிடம் கேட்க வேண்டும் போலிருக்கிறது. நீங்கள் சத்தியசீலனை நேரில் பார்த்து, மனம் நோகாமல், படிப்பு, வேலை என்று ஏதாவது சொல்லி இந்தச் சம்பந்தத்தை முடித்துவிடுங்கள். ஹெலன் அம்மாளிடம் மட்டும் கொஞ்சம் நோகும்படி சொன்னாலும் பரவாயில்லை.

உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. மதினியின் முழங்கால் வலிக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

அன்புத் தங்கை,
ரூத் ஸ்டீபன்

பி.கு. செவ்வாய்க்கிழமை. அண்ணே, மேலே எழுதியதில் ஒரு வார்த்தையையும் அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்! கவர் ஒட்டுவதற்கு முன் நான் பெண்கள் ஐக்கிய சங்க ஜெபத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் வாசலில் ஜினோவின் கார், உங்கள் மாப்பிள்ளை அவர்களுக்குக் கதவைத் திறந்து விட்டிருக்கிறார். அடுப்படியில் ஹெலன் அம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கம்பி நாரால் என் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்! என் கல்யாணத்துக்கு வந்த கல் அண்ணே அது. இருபத்தாறு வருஷமாக எண்ணெய் குடித்துக் குடித்துக் கண்ணாடிபோல் கறுத்த கல். சோப்பு படவிட்டதில்லை. இப்போது வெள்ளை வெளேரென்று இருந்தது. "ஐயோ என் கல்லு!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்து, பச்சைப்பிள்ளை மாதிரி, "ரொம்ப அழுக்கா இருந்துச்சு சம்பந்தி. பாவம், உங்களுக்கு ஆள் இல்லையேன்னு..." என்றார்.

சம்பந்தி என்றார் அண்ணே! நான் அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை. அவர் முதலில் சிரித்தார், அப்புறம் ரெண்டு பேரும் மூச்சு வாங்கும்வரை சிரித்தோம். "ரெண்டு நாள் எனக்குத் தூக்கமில்ல. இதத் தேச்சப்பறந்தான் மனசு ஆறுச்சு" என்றார். ஷெரின் கதவைத் திறந்துகொண்டு வந்து எல்லோருக்கும் உப்புமா கிண்டினாள். தோசை ஒன்றும் கல்லைவிட்டு வரவில்லை. அடுத்த மாதம் முதல் சனி, இரண்டாம் சனி, இந்த இரண்டில் ஒரு நாள் நிச்சயம் வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். நீங்கள் வந்து ஜெபிக்காமல் நடக்காது. எந்தச் சனி உங்களுக்குத் தோதுப்படும் என்று சீக்கிரம் பதில் போடுங்கள்.