கழுத்து ஐயா கேட்ட கதை

மனிதருக்கு முகம் என்று ஒன்று இருப்பதையே அறியாமல் வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் கழுத்து ஐயாதான். கொழும்பில் நாளமில்லாச் சுரப்பிகளைப் பற்றிப் படிப்பிக்கும் பேராசிரியர். தொண்டைக் கழலை வெட்டுவதில் விண்ணர். எழுபதுகளில் மாதத்தில் ஒரு கிழமை திருகோணமலையில் வந்து தங்கி எங்கள் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்வார். நான் அங்கே எழுத்து வேலை பார்க்கும் லிகிதர்.

யாரைக் கண்டாலும் அவருடைய கண் நேரே நாடிக்குக் கீழே, கழுத்துக்குப் போய்விடும். இரண்டு வருடம் என்னோடு பழகியவர், ஒருநாள் நான் சளிக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு போனபோது, "நீங்கள் ஆர்?" என்றார். மப்ளரை அவிழ்த்தேன். "அட, நீங்களோ. இருங்கோ" என்று கதிரையைக் காட்டினார்.

தன் அறைக்கு வருகிற எல்லோருக்கும் ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுப்பார். விழுங்கும்போது கழலை ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிற சோதனை அது. சனத்துக்கு அது எங்கே தெரியும்? பெரிய டொக்டர் என்ற பெருமை இல்லாமல் உபசரிக்கிறாரே என்று சாம்பல்தீவு வரைக்கும் பெயர் பரவிவிட்டது. ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் தாயிடம் செம்பை நீட்டி, "மெதுவாக் குடியுங்கோ அம்மா" என்று குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா குடிப்பதை நிறுத்திவிட்டுப் பெண் வீட்டாரைத் திரும்பிப் பார்த்தார்.

"தண்ணிக்குள்ள என்ன போட்டு வைச்சிருக்கிறியள்?"

கலியாணம் நடந்தது ஐயாவின் புண்ணியத்தால் அல்ல.

இதையெல்லாம் விட வேடிக்கை அவர் கழலை வெட்டும் முறை. கழுத்தை மட்டும் ஊசி போட்டு விறைக்கப் பண்ணுவார். ஆள் முழிப்பாக இருக்கும். குரலுக்குப் போகிற நரம்பு கழலைக்குப் பின்னால் தையல் நூல் மாதிரி ஓடுகிறது. கத்தி பட்டால் குரல் போய்விடும். ஆகவே வெட்டி முடியும்வரை நோயாளி கதைத்துக்கொண்டே இருக்கவேண்டும். வேறு ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. நோயாளி கதைப்பதை ஒரு சொல் விடாமல் நான் எழுதவேண்டும், ஆராய்ச்சிக்காம். ஊரில் எந்த மருமகளுக்கு இடியப்பம் பிழியத் தெரியாது என்ற விபரம் எல்லாம் அந்தக் கோப்புகளில் பத்திரமாக இருக்கிறது.

இப்படியிருக்க வந்து சேர்ந்தார் ஜெற்றிக் காசிம். ஜெற்றி என்கிற படகுத்துறையில் நின்று, குடாவுக்கு அக்கரையில் உள்ள மூதூருக்குப் போகிற லாஞ்சுக்குச் சனத்தைக் கூப்பிடுவது அவருடைய தொழில். கழுத்தில் தென்னங்குரும்பை அளவு கழலை. படுத்தால் மூச்சு முட்டும். ஆனாலும் வெட்டச் சம்மதிக்கவில்லை.

"குரல் போனா எனக்கு வேற தொழில் தெரியா சேர். ஏழு புள்ளைகள்."

"போக விடமாட்டன், காசிம். நீங்கள் கதையுங்கோ, நான் கேட்டுக்கேட்டு வெட்டுறன்."

மேசையில் படுத்ததும் காசிம், தன் மச்சினன் குறிஞ்சாக்கேணியில் எருமை வாங்கின கதையைத் தொடங்கினார். நல்ல கதை. எருமை களப்புத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. மச்சினன் பாய்ந்துபோய் வாலைப் பிடித்தான். அந்த இடத்தில் குரல் நின்றுவிட்டது.

நாங்கள் காத்திருந்தோம். சத்தம் இல்லை. கழுத்து ஐயா கத்தியைத் தட்டில் வைத்தார். ஏழு பிள்ளைகளும் வரிசையாக என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"காசிம்," என்றார் ஐயா, கெஞ்சுவது போல. "ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

"பின்ன என்ன சேர்? இவ்வளவு நேரமாக் கதைக்கிறன், ஒரு ஆளாவது ஊம் கொட்டினீங்களா? செவருக்கா நான் கதை சொல்ற?"

ஐயா கண்ணை மூடித் திறந்தார். பிறகு தான் போட்ட சட்டத்தைத் தானே முறித்தார்.

"ஊம்," என்றார். "வாலைப் பிடிச்சு?"

எருமை கரையேறும்வரை அவரும் நானும் நேர்ஸ்மாரும் மாறிமாறி ஊம் கொட்டினோம். கழலை முழுசாக வெளியே வந்தது.

ஆனால் வீக்கத்தால் காசிமின் குரல் கரகரத்தது. வீட்டுக்குப் போகும்போதும் தெளியவில்லை. ஐயா கொழும்புக்குப் போய்விட்டார். அடுத்த மாதம் ரயிலால் இறங்கியவர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு நேரே ஜெற்றிக்குப் போய்ச் சனத்தோடு சனமாக நின்றார்.

"மூதூர்! மூதூர்!" என்று காசிம் கூப்பிட்டார். துறைமுகம் முழுக்கக் கேட்டது.

கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்க, ஐயா அந்தக் குரலுக்குப் பின்னாலேயே போய் லாஞ்சில் ஏறிவிட்டார். மூதூரில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. எனக்கும்தான் இல்லை. ஆனாலும் அவரைத் தனியே அனுப்ப மனம் வராமல் நானும் ஏறி, பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.