எழுநூறு டிகிரியில் அத்தான்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். கடிதத்தை அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் எழுதினேன். முழுவதும் படித்துவிட்டு நலமா இல்லையா என்று நீயே முடிவு செய்துகொள்.

அத்தான் இறந்துபோன பிறகு அவர் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தாயே, அந்த ஆய்வுக்கூடத்தில் அவர் உட்கார்ந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அவர் செய்ததையேதான் செய்கிறேன். பீங்கான் குழாயில் கரித்துண்டுகளை அடைத்து, உலையில் எழுநூறு டிகிரிக்குச் சூடேற்றி, கரியமில வாயுவை அதன் வழியாக மெல்ல விடவேண்டும். அது கரியைத் தின்று வேறொரு வாயுவாக மாறும். ஓர் அளவுக்குமேல் நீ தலைகீழாக நின்றாலும் மாறாது. மாமியாரும் மருமகளும் எந்த இடத்தில் சண்டையை நிறுத்துகிறார்கள் என்று பார்ப்பது மாதிரி, அந்த அளவைச் சூட்டுக்குச் சூடு அளந்து நோட்டில் எழுதுவதுதான் என் பிழைப்பு.

போன திங்கட்கிழமை மத்தியானம் அளவு பார்க்கக் குனிகிறேன், தலை கனக்கிறது, பின்னால் செருப்புச் சத்தம். "கண்ணை நேரா வச்சுப் பாருடா மச்சான், மேலேருந்து பாத்தா அரைப் புள்ளி தப்பும்." திரும்பினால் அத்தான்! போய் ஒன்றரை வருஷமான மனுஷன், அதே சாம்பல் நிறக் கோட்டு, பையில் அதே மூடியில்லாத பேனா. "அம்பத்தெட்டு" என்றார். பார்த்தேன், நூற்றுக்கு ஐம்பத்தெட்டேதான்.

செவ்வாயும் வந்தார், புதனும் வந்தார். ஆய்வுக்கூடத் தலைவியிடம் போய், "எங்க அத்தான் வர்றாரும்மா" என்றேன். "அளவு சரியா வருதா?" "வருதும்மா." "அப்ப வந்துட்டுப் போகட்டும், விடுங்க."

வியாழக்கிழமை அவர் கோலமே வேறு. முகம் வெளுத்து, உதடு மட்டும் செக்கச்செவேலென்று என் காதருகே குனிந்து நின்றார். "ஜன்னலைத் திறடா." சுவரில் அவர் கைப்பட எழுதி ஒட்டிய தாளைக் காட்டி, "காத்தடிச்சா சூடு மாறும், திறக்கக் கூடாதுன்னு நீங்கதானே அத்தான் எழுதி வச்சீங்க?" என்றேன். "அப்ப உசுரோட இருந்தேன், புத்தி இல்ல. திறடா!" கொக்கி துருப்பிடித்துப் போயிருந்தது. முழங்கையால் கண்ணாடியை உடைத்தேன். அப்புறம் தாழ்வாரத்துக்குத் தவழ்ந்து போய் வாந்தி எடுத்ததுதான் நினைவிருக்கிறது.

உன்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வருத்தப்படாதே, உயிரோடிருந்தபோதும் வேலை நேரத்தில் கேட்கமாட்டார். இனி அந்த அறைக்குள் கால் வைப்பதாக இல்லை.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம், உனக்கு என் வணக்கம். அத்தானுக்கு என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு அக்கா. உலைக்குப் பின்னால் கழிவு வாயு போகும் குழாயில் விரிசல் என்று மெக்கானிக் இன்று கண்டுபிடித்துவிட்டார். அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாதாம்; மூளையைக் குழப்பி, இல்லாததைக் காட்டி, கடைசியில் ஆளையே முடித்துவிடுமாம். ஆக, அத்தான் வரவே இல்லை. "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டேன். விரிசலில் படிந்த துருவை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு வருஷத்துக்குக் குறையாது சார்" என்றார்.

அக்கா, அத்தானுக்கு மாரடைப்பு என்றுதானே நம்மிடம் சொன்னார்கள்?