முத்திரையிட்ட தர்ப்பூசணி

நியாய உணர்ச்சி உள்ளவர்களே, நிழலில் நின்று வேடிக்கை பார்த்தது போதும். இந்த ஈர மணலுக்கு வாருங்கள், வந்து சாட்சியாக நில்லுங்கள். துனீசியாவின் கிழக்குக் கரையில், எங்கள் சிற்றூரின் கடலோரத்தில், ஒரு கொள்ளை நடந்திருக்கிறது. போனது பொன்னல்ல, பொருளல்ல, பிற்பகல்கள். ஜூலையும் ஆகஸ்டும் வந்துவிட்டால் இங்கே அலுவலகக் கதவுகள் மதியத்தோடு மூடப்படும்; அதற்குப் பிறகுள்ள பொழுது மனிதனுக்கும் கடலுக்கும் சொந்தம். ஒன்றல்ல இரண்டல்ல, ஒன்றரை மாதத்துப் பொழுதுகளை ஒரு மனிதர் தம் மனைவியிடமிருந்து பறித்துக் கோப்புகளுக்குக் காணிக்கையாக்கிவிட்டார்.

அந்த மனிதர் இதோ, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு உங்கள் முன்னால் மண்டியிட்டிருக்கிறார். பெயர் லஸ்ஸாத். நகராட்சியின் பதிவாளர். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம் ஆகிறது. கையில் ஒரு தர்ப்பூசணி. அது அவருடையதல்ல. அதில் பாதியை அவர் ஏற்கெனவே தின்றுவிட்டார்.

எப்படி நேர்ந்தது இந்த விபரீதம்?

அன்று காலை, தினமும் தனியாகவே கடற்கரைக்குப் போய்வரும் அவருடைய மனைவி தலீலா, குரலை உயர்த்தாமல் ஒரு செய்தி சொன்னார். வடக்கே பிஸெர்த் நகரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நாளைக் காலைப் பேருந்தில் போகப் போவதாகவும், கோடை முடியும்வரை திரும்பப் போவதில்லை என்றும். லஸ்ஸாத் பதறினார். வேறு வழியே இல்லையா என்று கேட்டார்.

"இருக்கு. இன்னிக்குச் சூரியன் அந்தக் குன்றுக்குப் பின்னால இறங்கறப்போ நீங்க என் பக்கத்துல பாயில உட்கார்ந்திருக்கணும். பேச வேணாம், சிரிக்கக்கூட வேணாம். உட்கார்ந்தா போதும்."

இருபத்தெட்டு ஆண்டு அரசுப் பணி செய்தவருக்கு, எதிரே மேசை இல்லாமல் உட்காருவது எப்படி என்றே தெரியாது. ஆயினும் சம்மதித்தார். அலுவலகம் முடிந்ததும் சந்தையில் ஒரு தர்ப்பூசணி வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

எங்கள் கரையில் பழத்தைக் குளிர்விக்க எந்தக் கருவியும் வேண்டியதில்லை. அலை வந்து தொட்டுத் திரும்பும் இடத்தில் மணலைத் தோண்டிப் புதைத்துவிட்டால் போதும். மிச்ச வேலையைக் கடல் பார்த்துக்கொள்ளும். லஸ்ஸாத்தும் புதைத்தார். ஆனால் பதிவாளர் அல்லவா? பிறப்புக்கும் இறப்புக்கும் திருமணத்துக்கும் குத்துகிற அந்த ஊதா முத்திரையைப் பழத்தின் தோல்மேல் அழுத்திக் குத்திவிட்டுத்தான் புதைத்தார். பிறகு, சிவப்புக் குடையிலிருந்து பதினொரு தப்படி என்று கையேட்டில் குறித்துக்கொண்டார்.

வெயில் நகர நகர, குடைகளையும் பிடுங்கி நகர்த்தி நடுவார்கள் என்பது எந்தக் கையேட்டிலும் எழுதப்படாத செய்தி.

ஒரு மணி நேரம் பாயில் உட்கார்ந்தார். அது ஒரு சாதனை. தலீலாவின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. ஒரு சங்கதி சொல்ல வேண்டும் என்று தலீலா தொடங்கினார். பழம் குளிர்ந்ததா என்று பார்த்துவிட்டு வந்து கேட்டுக்கொள்வதாகச் சொல்லி லஸ்ஸாத் எழுந்தார். சிவப்புக் குடையிலிருந்து பதினொரு தப்படி வைத்தார், தோண்டினார், பழம் இருந்தது. கொண்டுவந்து அறுத்தார்கள். நான்காவது துண்டைக் கடிக்கும்போதுதான் தோலைத் திருப்பிப் பார்த்தார்.

"தலீலா, இதுல முத்திரை இல்ல."

"இனிப்பு இருக்குல்ல?"

"இது யாரோ ஒருத்தர் பழம். ஒரு பதிவாளர் திருடித் தின்னுட்டாருன்னு நாளைக்கு ஊரே பேசும்."

"அதைப் பத்தித்தான் சொல்ல வந்தேன். முதல்ல உட்காருங்க."

உட்காருகிற வேளையா அது? மிச்சப் பழத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். தோண்டிய குழியின் அருகே மண்டியிட்டு, வேறு தடயம் ஏதேனும் கிடைக்குமா என்று துழாவினார். எதுவும் கிடைக்கவில்லை. குழிக்கு நேராக இருந்தது சிவப்புக் குடை. எனவே உரிமையாளர் அதன் கீழேதான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார்.

குடையின் கீழே முடிதிருத்துநர் ஜல்லூல், காதோரம் ஒரு மல்லிகைச் செண்டைச் செருகிக்கொண்டு மல்லாந்து கிடந்தார். லஸ்ஸாத் நிமிர்ந்து நின்று, குற்றத்தை நாள், நேரம், இடம் குறிப்பிட்டு ஒப்புக்கொண்டார். ஜல்லூல் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஆனா..."

"அப்ப உட்காருங்கண்ணே. ஏன் நிக்கறீங்க?"

லஸ்ஸாத் உட்காரவில்லை. அலுவலக அனுபவத்தில் அவர் கற்ற பாடம் ஒன்று உண்டு: அமைதியாக நம்மை உட்காரச் சொல்கிறவன், நீண்ட புகார் ஒன்றை வைத்திருக்கிறான்.

நட்டத்துக்கு ஈடாகத் தம் பழத்தையே கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தார். அதற்கு முதலில் அது அகப்பட வேண்டுமே. குடை நகர்ந்த தூரத்தைக் கணக்கிட்டார், வெயிலின் சாய்வைக் கழித்தார், தோண்டினார். பழம் வந்தது, முத்திரை இல்லை. அடுத்த குழி, அடுத்த பழம், முத்திரை இல்லை. ஐந்து குழிகளும் நான்கு பழங்களும் ஆயின. கரை நெடுகிலும் பழம் புதைந்திருந்தது. அத்தனையிலும் அரசு அங்கீகாரம் பெற்ற ஒன்று மட்டும் அகப்படவில்லை. இடைக்கால ஏற்பாடாக இருப்பதிலேயே பெரியதை ஜல்லூலிடம் ஒப்படைத்துவிடலாம் என்று தூக்கிக்கொண்டு ஓடியவர், தாம் தோண்டிய இரண்டாவது குழியில் தாமே காலை விட்டார்.

பழம் பறந்தது. பறந்து, பள்ளி ஆசிரியை முன்ஜியாவின் விரிப்பில், சுட்ட மிளகாய் மசியலும் சூரை மீனும் நிறைந்த பாத்திரத்தின் நட்டநடுவே விழுந்து பிளந்தது.

முன்ஜியா கன்னத்தில் தெறித்ததைத் துடைத்தார். மிளகாய் ஒட்டிய ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுப் பார்த்து, இதுவும் ஒரு ருசியாகத்தான் இருக்கிறது என்று தங்கையிடம் சொன்னார். மணலில் குப்புறக் கிடந்தவரைப் பார்த்து, "நீங்க போயி உங்க வீட்டம்மா பக்கத்துல உட்காருங்க. நாங்க எல்லாரும் அங்கதான் வர்றோம்," என்றார்.

எல்லாரும். ஒருவர் புகார் ஊர்ப் புகாராகிவிட்டது என்று லஸ்ஸாத் எடுத்துக்கொண்டார்.

திரும்பி வந்து பையைத் துழாவினார். எதைத் தேடுகிறார் என்று தலீலா கேட்டார். பதிவேடு என்றார். சூரியன் குன்றை நோக்கிச் சாய்ந்துகொண்டிருப்பதைத் தலீலா கைநீட்டிக் காட்டினார். இரண்டே நிமிடம் உட்கார்ந்தால் எல்லாவற்றையும் விளங்கச் சொல்லிவிடுவதாகவும் சொன்னார். விளக்கம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்று பதில் கூறிவிட்டு, தாளில் நான்கு கட்டம் போட்டுக்கொண்டு புறப்பட்டார்: உரிமையாளர் பெயர், குடையின் நிறம், பழத்தின் சுற்றளவு, புதைத்த நேரம்.

குடை குடையாக அவர் ஏறி இறங்கிய அந்தக் காட்சியைக் காணுங்கள். அவர் கடந்துபோன மனிதர்களையும் காணுங்கள், அவர்களைப் போற்றுங்கள். வாரத்தில் ஆறு நாள் சிமெண்டு மூட்டை சுமக்கும் முதுகுகள் மணலில் கிடந்து வெயில் குடித்தன. புதினாத் தேநீரில் மிதக்கும் வாதுமைப் பருப்பை ஒருவர் ஊதி ஊதி ஒதுக்கிக்கொண்டிருந்தார். அதை முடித்தாக வேண்டிய அவசரம் உலகில் எவருக்கும் இல்லை. கணுக்கால் நீரில் நாற்காலியைப் போட்டு இரண்டு பெண்கள் மிளகாய்க்குக் காம்பு கிள்ளினார்கள். கிள்ளிய காம்பை அலை கொண்டுபோயிற்று. சும்மா இருப்பதைச் சோம்பல் என்று இழித்துரைக்கிறவர்கள் இவர்களிடம் வந்து ஒரு நாழிகை இருந்து பார்க்கட்டும். உழைத்தவன் இளைப்பாறுவதைவிடக் கண்ணியமான காட்சி எந்த அரண்மனையில் உண்டு?

லஸ்ஸாத்தின் கட்டங்கள் மட்டும் நிரம்பவில்லை. எது உங்கள் பழம் என்று கேட்டால், எது கைக்கு அகப்படுகிறதோ அது என்றார்கள். உரிமையாளர் என்ற இடத்தில் கடலின் பெயரை எழுதிக்கொள்ளும்படி மீனவர் ஒருவர் யோசனை சொன்னார். பதினேழு குடைகள் ஏறி இறங்கியும் கிடைத்தவை மூன்று கோப்பைத் தேநீரும் ஒரு மல்லிகைச் செண்டும்தான்.

சட்டம் தளரும்போது அதிகாரி இறுக வேண்டும். லஸ்ஸாத் அலையோரம் போய் இரு கைகளையும் விரித்து நின்றார். பதிவு முடியும்வரை எவரும் எதையும் தோண்டக் கூடாது என்று அறிவித்தார். பழம் எடுக்கும் வேளை அது. கையில் கத்தியோடு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அறிவிப்பைக் கேட்டார்கள். வாதாடவில்லை, வையவில்லை. அவரைக் கனிவோடு ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரே திசையில் நடந்துபோனார்கள்.

அந்த அமைதிதான் அவரை உறுத்தியது. திரும்பிப் பார்த்தார். முப்பது பேர் இருக்கும். முன்னால் ஜல்லூல், அடுத்து முன்ஜியா. எல்லார் கையிலும் கத்தி. எல்லாரும் தலீலாவின் பாயைச் சூழ்ந்து நின்றார்கள். குன்றுக்கு மேலே சூரியன் ஒரு சாண் உயரத்தில் இருந்தது.

சொல்லிவிடுகிறேன்: அந்தக் கணத்தில் அவர் வீரர். பதிவேட்டை அலையில் எறிந்துவிட்டு, வாழ்நாளில் ஓடாத ஓட்டம் ஓடிக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே புகுந்து, மனைவிக்கு முன்னால் நின்றார்.

"எல்லாம் நான் செஞ்ச தப்பு. அவளுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. தின்னது நான், உடைச்சது நான், தோண்டினது நான். என்னை என்ன வேணா பண்ணுங்க."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். கூட்டத்தின் ஓரத்தில், எண்ணெயில் பொரித்த சர்க்கரை வளையங்களைத் தட்டில் ஏந்தி விற்கும் ஸ்கந்தர் நின்றிருந்தார். தட்டை இறக்கி வைத்துவிட்டுத் தலீலாவிடம், "அக்கா, இவருதானா அவரு?" என்று கேட்டார். தலீலா தலையசைத்தார். ஸ்கந்தர் லஸ்ஸாத்தின் தோளில் கை வைத்தார்.

"அண்ணே, ஜூலை ஒண்ணாந்தேதி அக்கா ரெண்டு பேருக்குன்னு ஒரு பழம் கொண்டாந்தாங்க. நீங்க வரல. தனியாத் தின்ன மனசில்லாம, யாரு வேணாலும் எடுத்துக்குங்கன்னு சொல்லிட்டு எழுந்து போனாங்க. மறுநாள்லேர்ந்து நாங்க ஆளுக்கு ஒண்ணு புதைக்கிறோம், நீங்க வர்ற அன்னிக்குப் பழம் இல்லாமப் போயிடக் கூடாதேன்னு. இந்தக் கரையில இருக்கறதெல்லாம் உங்க பழந்தாண்ணே."

லஸ்ஸாத் மனைவியின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். சூரியன் குன்றைத் தொட்டது. தலீலா பாயில் தள்ளி உட்காரவில்லை, நெருங்கி உட்கார்ந்தார். மறுநாள் காலை பிஸெர்த்துக்குப் போன பேருந்தில் ஓர் இருக்கை காலியாக இருந்தது.

இதைப் படித்தவர்களே, சாட்சி சொல்லிவிட்டோம் என்று கலைந்துபோக உங்களை விடுவதாக இல்லை. உங்கள் வீட்டிலும் ஒருவர் உங்கள் பங்கை எடுத்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கோப்பை மூடுங்கள். இந்தத் தாளையும் மூடுங்கள். இன்றே, வெயில் தாழ்வதற்குள், எழுந்து போங்கள், போய் உட்காருங்கள்.