மாப்பிள்ளையின் கேம் பெட்டி கண் திறக்காத விவகாரம்

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நான் நலம். உங்கள் அத்தை உடம்பளவில் நலம். வேலை மாற்றலாகிப் போகும்போது எங்கள் ஹாலில் நீங்கள் விட்டுச்சென்ற கேம் பெட்டி மட்டும் நலமில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் போனை எடுப்பது என் மகள். அவள் சிரிக்க ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டாள். தவிர, அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதையும் எழுத்தில் கொடுத்துத்தான் பழக்கம்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெட்டியை நீங்களே பிரித்து, உள்ளே என்னென்னவோ மாற்றி, ஒரு சின்ன மெமரி கார்டைச் சொருகி, அதிலிருந்து கிளம்புகிற மாதிரி செய்து வைத்தீர்கள். "மாமா, என்ன வேணா பண்ணுங்க, இதுக்கு நெட் மட்டும் குடுத்துடாதீங்க, கம்பெனி அப்டேட் வந்து கார்டைக் கெடுத்துடும்" என்று படித்துப் படித்துச் சொன்னீர்கள். போன வாரம் வீட்டுக்கு நெட் இணைப்புக் கொடுக்க ஒருத்தர் வந்தார், தங்கமான மனுஷன், டிவிக்குக் கொடுத்தார், என் போனுக்குக் கொடுத்தார், அத்தை போனுக்கும் கொடுத்துவிட்டு "வேற ஏதாவது இருக்கா சார்?"னு கேட்டார். எல்லாத்துக்கும் கொடுத்துட்டு மாப்பிள்ளை பெட்டியை மட்டும் விட்டா அது என்ன மரியாதை? நாளைக்கு நீங்க வந்து நின்னா உங்க முகத்துல எப்படி முழிக்கிறது? "இதுக்கும் குடுங்க"ன்னுட்டேன். நீங்க சொன்னது அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வரலை. அவர் வாசலைத் தாண்டினாரோ இல்லையோ, திரையில 'புதிய அப்டேட் வந்துள்ளது, ஏற்கிறீர்களா?'ன்னு ஒரு கேள்வி. கம்பெனி மேலிடத்து உத்தரவு. என் சர்வீஸ்ல மேலேருந்து வந்த சுற்றறிக்கை எதையும் நான் மறுத்ததே கிடையாது. ஏற்கிறேன்னு அமுக்கினேன். ஒரு கோடு மெதுவா ஊர்ந்துச்சு, நிறைஞ்சுது, திரை கறுத்துப் போச்சு. அதோட சரி.

அன்னிலேருந்து பண்ணாத வைத்தியம் இல்லை. ஒயரை எல்லாம் கழட்டி மாட்டினேன். ஹால்ல கரன்ட்டு சரியில்லையோன்னு பெட்டியைத் தூக்கிட்டுப் போய் மிக்ஸி பிளக்குல சொருகிப் பார்த்தேன். டிவி ரிமோட்டுல எதையோ மாத்தினதுல டிவியும் போயிடுச்சு, அதைத் திரும்பக் கொண்டுவர ஒரு பகல் ஆச்சு. கார்டை உருவி, கண்ணாடி துடைக்கிற துணியால துடைச்சு, ஊதி, திரும்பப் போட்டேன். பக்கத்து வீட்டு டீச்சரம்மா "பவர் பட்டனை அமுக்கிப் பிடிங்க சார், தானா வரும்"னாங்க, விரல் மரத்துப் போற வரைக்கும் பிடிச்சேன். பச்சை விளக்கு வரும், உள்ளே ஒரு முனகல் கேட்கும், சிவப்பாயிடும். கடைசியா டிவி மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தேன். அவர் மூடியைத் திறந்து டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "சார், எவனோ உள்ளே நல்லா நோண்டி வெச்சிருக்கான்"னார். எனக்கு வந்ததே கோபம்! "எவனோ இல்லைய்யா, எங்க மாப்பிள்ளை! மரியாதையாப் பேசு"ன்னேன். "அப்ப அவரையே கூப்பிடுங்க"ன்னு ஸ்க்ரூவை எல்லாம் என் கையில கொட்டிட்டுப் போயிட்டார். நானே திருப்பி மாட்டினேன். ஒண்ணு மிச்சம். அதை இத்துடன் இணைத்துள்ளேன்.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், மாப்பிள்ளை. அத்தைதான் பெரிய கவலை. பெட்டியில இருக்கிற அந்தத் தோட்ட விளையாட்டு அவளுக்கு உயிர்னு உங்களுக்கே தெரியும். ஒரு பொட்டல் நிலத்துல ஆரம்பிச்சு, கிணறு வெட்டி, வேலி போட்டு, தக்காளி வெச்சு, மாடு வாங்கி, அந்த மாடு கன்னு போடற சமயம் பார்த்து நான் அப்டேட்டை ஏத்துக்கிட்டேன். சண்டை போட்டாலாவது தேவலாம். தினம் 'தப்பு என்மேலதான்'னு சொல்றேன். "நான் ஒண்ணும் கேக்கலையே"ன்னு சொல்லிட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துக்கிறா. "தண்ணி இல்லாம எல்லாம் வாடிப் போயிருக்கும்"னா நேத்து. "பெட்டியே அணைஞ்சு கிடக்கு, எப்படி வாடும்?"னு கேட்டேன். "உங்களுக்கு எல்லாமே ஒரு ஃபைல்தான்"னு எழுந்து போயிட்டா. எனக்கு மனசு தாங்கலை. தோட்டம் அழிஞ்சுபோச்சுன்னா அவகிட்ட நான் எந்த வாயால சொல்வேன்? எங்க கல்யாணத்துக்கு அப்புறம் அவ தனக்குன்னு ஆசைப்பட்டுச் செஞ்சது அது ஒண்ணுதான்.

ஆகவே பெட்டியைப் பிழைக்க வைக்கும் வழியைத் தாங்கள் எனக்குப் புரியும் தமிழில், முதலில் எந்தப் பட்டன், பிறகு எந்தப் பட்டன் என்று விளக்கமாக எழுதி அனுப்ப வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன். மகளுக்கு என் அன்பு. அவள் சிரித்து முடித்தபின் தெரிவிக்கவும். இருவரும் குறைவில்லாமல் வாழ எங்கள் ஆசிகள் என்றும் உண்டு.

இப்படிக்கு,
தங்கள் பெட்டிக்குப் பொறுப்பேற்றிருக்கும்,
மாமனார்

பின்குறிப்பு: மேற்கண்ட கடிதம் முழுவதையும் ரத்து செய்கிறேன். கவரை ஒட்டப் போகும்போது அத்தை கையை நீட்டி வாங்கி, நின்னபடியே முழுசாப் படிச்சா. உள்ளே போய்த் தன் கைப்பையிலேருந்து இன்னொரு கார்டை எடுத்துட்டு வந்து, பழசை உருவிட்டு இதைச் சொருகி, ரெண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கினா. மாப்பிள்ளை, பெட்டி கிளம்பிடுச்சு! தோட்டம் பெட்டிக்குள்ளேயே பத்திரமா இருந்திருக்கு. தக்காளி வாடாம அப்படியே நிக்குது, அவ ஆட ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல மாடும் கன்னு போட்டாச்சு. "மாமா என்னிக்காவது எதையாவது அமுக்குவாருன்னு மாப்பிள்ளை அன்னிக்கே இதைக் குடுத்துட்டுப் போனாரு"ங்கறா. நீங்களும் இதுக்கு உடந்தை! "அப்புறம் ஏன்டி ஒரு வாரமா என்னை இந்தப் பாடு படுத்தினே?"ன்னு கேட்டேன். மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டே, திரையிலேருந்து கண்ணை எடுக்காம சொல்றா: "இத்தனை வருஷத்துல நீங்க என்கிட்ட 'தப்பு என்மேலதான்'னு சொன்னதே இல்லை. இந்த வாரம் தினம் சொன்னீங்க. கேக்க நல்லா இருந்துச்சு, இன்னும் ரெண்டு நாள் ஓடட்டுமேன்னு விட்டேன்."